பதினேழாம் புத்தகம்

9 ஜனவரி

நல்லா இருக்கியாம்மா?

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். 'மருமகளுக்கு'ன்னு எழுதினேன். உனக்கும் என் பையனுக்கும் கோர்ட்டுல முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, இனி அந்த வார்த்தைக்கு எனக்கு உரிமை இல்ல. பேரை மட்டும் எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. அதான் நலம் விசாரிச்சே ஆரம்பிச்சுட்டேன்.

உன் சித்திகிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் விலாசம் வாங்கினேன். வீட்டு விலாசம் தரவே மாட்டேன்னுட்டாங்க. நீ வேலை பார்க்கற ரத்தப் பரிசோதனைக் கூடத்து விலாசம்தான் கிடைச்சுது. ஃபோன் நம்பர் நானே கேக்கல. அது என்கிட்ட இல்லாம இருக்கறதுதான் உனக்கு நல்லது.

எனக்கு ஒரு சின்ன விபத்து. போன மாசம் படி தடுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்டிருக்கு. ஆறு வாரம் தையல் மிஷின் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு ஈ ஓட்டறேன். வர்றவங்ககிட்ட "பிப்ரவரியில வாங்க"ன்னு சொல்லி அனுப்பறதுதான் வேலை.

அப்பதான் வெட்டு மேஜைக்கு அடியில இருந்த உன் அட்டைப்பெட்டி கண்ணுல பட்டுச்சு. நீ போன அன்னைக்கே அதை எடைக்குப் போடச் சொன்னான் அவன். நான் துணிமூட்டைக்குப் பின்னால தள்ளி ஒளிச்சு வெச்சேன். ஏன்னு கேக்காதே. 'மணிக்கூண்டு ஊர்க் கதைகள்', ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும். எல்லா அட்டையிலயும் அதே மணிக்கூண்டு, அதுக்குக் கீழ ஒரு ஆணும் பொண்ணும்.

நீ இதைப் படிக்கிறப்போ சிரிச்சவதான் நானும். "ஒரே கதையை நாப்பது தடவை படிக்கிறா பாரு"ன்னு அவன் கேலி பண்ணினா கூடச் சேர்ந்து சிரிப்பேன். இப்ப ஒம்பது நாள்ல அஞ்சு முடிச்சாச்சு. ஆறாவதைக் காணோம். அஞ்சாவது கடைசியில அந்த மிருக டாக்டர் கொட்டற மழையில போய் ஒரு கதவைத் தட்டறார். யார் கதவுன்னு சொல்லாமலே முடிச்சுட்டாங்க. இது தெரியலன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்.

இஷ்டமில்லைன்னா பதில் போட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

தையல்காரி


2 பிப்ரவரி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். எலும்பு ஒன்றுசேர பாலும் முட்டையும் தினமும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப் பிரித்த பிறகு விரல்களுக்குப் பயிற்சி தேவைப்படும், டாக்டரிடம் கேட்கவும்.

புத்தகங்களை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அந்த வீட்டை விட்டு வந்தபின் நான் அவற்றைப் படிப்பதில்லை. ஆறாவது புத்தகம் வாளித் தண்ணீரில் விழுந்து கூழாகிவிட்டது. எப்படி விழுந்தது என்று எழுத விரும்பவில்லை.

கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் தட்டியது நர்ஸின் கதவை. அவர் ஓட்டிய காரில்தான் அவர் மனைவி இறந்துபோனார். அதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. நர்ஸ் கதவைத் திறப்பதில்லை. அவளுக்கும் பயம் உண்டு, அவள் கதை மூன்றாவது புத்தகத்தில் வந்தது. கதவுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க அழுது முடிங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்கிறாள். அவர் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். மழை விடும்வரை நாற்பது பக்கம் அப்படியே போகிறது. கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தபடியே பேசிக்கொள்கிறார்கள். மழை விட்டதும் அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். மறுநாள் அவளே கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள்.

அந்த ஊரில் யாரும் யார் கதவையும் உடைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அதிகமாக எழுதிவிட்டேன். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
(கையெழுத்து)


11 பிப்ரவரி

கண்ணுக்கு,

உன் கடிதாசி வந்ததும் போஸ்ட்மேனை நிக்க வெச்சு ஒரு டம்ளர் டீ குடுத்தேன். முதல் பாதி ஆபீஸ் கடிதாசி மாதிரி இருந்துச்சு. 'கேட்கவும்'னு முடிச்சிருக்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா கதவுகிட்ட வந்ததும் நீயே வந்துட்ட. அந்தப் பத்தியை நாலு தடவை படிச்சேன்.

மாவுக்கட்டு பிரிச்சாச்சு. கை வாடின முள்ளங்கி மாதிரி வெளுத்துச் சூம்பிப் போயிருக்கு. நீ சொன்ன மாதிரி ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டு இருக்கேன். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு, "என்ன, குஸ்திக்குத் தயாராகறீங்களா?"ன்னு கேக்கறார்.

பதினாலாவது வந்துட்டேன். எனக்குச் சில சந்தேகம். அந்த பேக்கரி மாடி ரூமுக்கு மனசு ஒடிஞ்சவங்களா வந்து குடியேறிக்கிட்டே இருக்காங்க. மூணு மாசத்துல மனசு சரியாகி, கல்யாணமாகி, காலி பண்ணிட்டுப் போயிடறாங்க. பேக்கரிக்காரம்மாவுக்கு வெள்ளையடிக்கவாவது நேரம் கிடைக்குதா? அப்புறம், ஊர்ல மனுஷ டாக்டரே கிடையாதா? பிரசவத்துக்கும் அந்த மிருக டாக்டர்தான் ஓடறார். பல் வலி வந்தா என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சாலே எனக்குப் பகீர்ங்குது.

இன்னொண்ணும் சொல்லணும். கிண்டல் பண்ணிக்கிட்டே படிக்கறேன், ஆனா மூடி வெச்சதும் மனசு இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆயிடுது. நீ சமையலறை மூலையில உக்காந்து படிச்சதுக்கு இதான் காரணமா? நான் அப்ப கேட்டிருக்கலாம்.

சளி கிளி இல்லாம இருக்கியா? ஸ்வெட்டர் வேணும்னா சொல்லு, என்கிட்ட உன் அளவு இருக்கு.

உன்
தையல்காரி


5 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

எழுதி எழுதிப் பார்த்தேன், வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. அத்தை என்றே இருக்கட்டும். நீங்கள் நலம்தானே? எனக்குச் சளி இல்லை. ஸ்வெட்டர் இருக்கிறது.

பல் வலிக்கு இருபத்தொன்பதாவது புத்தகத்தில் ஆள் வருகிறார். அதுவரை அந்த ஊரார் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்குக் கீழே பஸ் டிப்போ. காலை ஐந்தரைக்கு முதல் வண்டி உறுமும். அதுதான் எனக்கு அலாரம். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது, குழாயில் பேர் ஒட்டுவது, மிஷினில் வைப்பது என் வேலை. ஊசி என்றால் நடுங்குகிறவர்கள் நிறைய. "கையைப் பார்க்காதீங்க, ஒரு கதை சொல்றேன்" என்று மணிக்கூண்டு ஊரில் ஆரம்பிப்பேன். கதவு திறப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும். சர்க்கரைக்காக மாதாமாதம் வரும் ஒரு லாரி டிரைவர், போன வாரம் ரத்தம் எடுத்து முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நர்ஸம்மா கதவைத் திறந்தாங்களா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் நாற்பத்தோராவது தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை தாண்டிப்போய், மூன்றாவது தடவை வாங்கிவிட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு விளக்கைப் போட்டு முழுவதும் படித்தேன். யாரும் வந்து விளக்கை அணைக்கவில்லை.

இன்னொரு தடவை படித்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன். கைப் பயிற்சியை விடாதீர்கள்.

அன்புடன்


14 மார்ச்

என் கண்ணுக்கு,

அத்தைன்னு நீ எழுதினதைப் பார்த்துட்டு ஒரு சட்டைக்குப் பட்டனைத் தலைகீழா வெச்சுத் தைச்சுட்டேன். நல்லா இரும்மா. நான் சௌக்கியம். கையில பாதி பலம் வந்துடுச்சு.

பதினேழாவது முடிச்சேன். மூணு நாளா வேற எதையும் தொடல.

அதான், அந்தத் தச்சர் கதை. கோபம் வந்தா சாமானைப் போட்டு உடைக்கற ஆள். முதல் பொண்டாட்டி பயந்துபோய் விட்டுட்டுப் போயிடறா. பள்ளிக்கூட லைப்ரரிக்கார பொண்ணு வர்றா. அவளையும் விரட்டறான், கத்தறான், ஒருநாள் தோளைப் பிடிச்சு உலுக்கியே விடறான். அவ போகல. பொறுமையா இருக்கா. கடைசியில அவன் அவ மடியில விழுந்து, சின்ன வயசுல அப்பன் அடிச்சதைச் சொல்லி அழறான். அதுக்கப்புறம் தொட்டில் செய்ய ஆரம்பிக்கறான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ என் பையனைப் பெல்ட்டால அடிச்சதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. அப்ப அவனுக்கு ஏழு வயசு.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ரெண்டு கடிதாசியா தள்ளிப் போட்டுட்டேன். அவனுக்குக் கல்யாணம் பேசியாச்சு. கார் ஷோரூம்ல அவன் வித்த வண்டியோட சொந்தக்காரர் தங்கச்சி. நர்சரி டீச்சர். ஜூலையில நாள். சிரிச்ச முகம், ரொம்ப நல்ல பொண்ணு.

அதான் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதே. அந்தத் தச்சர் மாதிரி இவனும் மாறிடுவானா? சரியான ஒருத்தி கை பட்டா சரியாயிடுமா? நீதான் இந்தப் புத்தகமெல்லாம் படிச்சவ. உனக்குத் தெரியும்.

பதிலை எதிர்பார்த்து,
அத்தை


22 ஏப்ரல்

கண்ணு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?

ஒரு மாசம் தாண்டிடுச்சு. போஸ்ட்மேன் இப்ப என்னைப் பார்த்தா எதிர்ப்பக்கமா போறார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. 'சரியான ஒருத்தி'ன்னு எழுதினேனே, அதை எழுதி அனுப்பினதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அப்ப நீ யாரு? வாயில வந்த வார்த்தையை முழுங்கலாம், போஸ்ட்ல போட்டதை எப்படித் திருப்பி எடுக்கறது?

கல்யாணத் துணிக்கு அளவு குடுக்க ஜூன் முதல் வாரம் அந்தப் பொண்ணு கடைக்கு வரும். என் கையாலதான் தைக்கணுமாம்.

பதில் வேண்டாம். நல்லா இருக்கேன்னு ஒரு வரி போட்டா போதும்.

அத்தை


19 மே

அத்தைக்கு,

நல்லா இருக்கேன். அந்த ஒரு வரியை முதல்ல எழுதிட்டேன். இனிமே ஆபீஸ் நடையில எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

மூணு கடிதாசி எழுதி மேஜை டிராயர்ல போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுல உங்களைக் கன்னாபின்னான்னு திட்டியிருக்கேன். ஒண்ணுல 'மாறிடுவார் அத்தை, கவலைப்படாதீங்க'ன்னு எழுதியிருக்கேன். அதை எழுதினப்போதான் என் மேலயே எனக்கு பயம் வந்துச்சு. ரெண்டு மாசமா அந்த டீச்சர் முகம் தெரியாமலே அவ நினைப்பாவே இருக்கேன்.

பதினேழாவது புத்தகத்தை நான் நாலு தடவை படிச்சிருக்கேன். அந்த வீட்டுல அஞ்சு வருஷம் இருந்தேன் இல்ல? மூணாவது வருஷமே பெட்டி கட்டிட்டேன். நீங்க கடையில இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. அந்த வாரம்தான் பதினேழாவது கையில கிடைச்சுது. ஓடிப்போன முதல் பொண்டாட்டிக்கு அந்த ஊர்ல ஒரு பேர்கூட இல்ல, கவனிச்சீங்களா? 'அவள்'தான். இருந்து பொறுத்தவளுக்குத்தான் மரியாதை, தொட்டில், எல்லாம். கட்டின பெட்டியைப் பிரிச்சுட்டேன். தச்சர் முன்னூத்திப் பத்தாவது பக்கத்துல அழறார். நான் எத்தனாவது பக்கத்துல இருக்கேன்னு எண்ணிக்கிட்டே இன்னும் ரெண்டு வருஷம் இருந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வரவே இல்ல.

மத்த முப்பத்தொம்பது புத்தகம் என்னைக் காப்பாத்துச்சு. அது சத்தியம். அந்த ஒண்ணு மட்டும் பொய் சொல்லிடுச்சு. ஒருத்தர் காயத்தை ஆத்தறதுக்கு இன்னொருத்தர் காயப்படணும்னு அதுல இருக்கு. அவருக்கு ஏழு வயசுல நடந்தது பாவம்தான். நான் அதுக்கு அழுதிருக்கேன், அவர் தூங்கினதுக்கு அப்புறம். ஆனா அந்தப் பெல்ட்டைப் பிடிச்சது நான் இல்லையே.

இன்னொண்ணு. உங்க முதல் கடிதாசி வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், தைரியம் வரல. படி தடுக்கி விழுந்தேன்னு எழுதியிருந்தீங்க. முன்னால கடை, பின்னால ரெண்டு ரூம், சமையலறை. எல்லாம் ஒரே தரை. அந்த வீட்டுல படியே கிடையாது அத்தை.

நான் 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்'னு சொல்வேன். அந்த பாத்ரூமாவது நிஜமாவே வழுக்கும்.

பத்திரமா இருங்க.


26 மே

என் கண்ணுக்கு,

உன் கடிதாசியை வாசிச்சு முடிச்சதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்துட்டேன். வந்தவங்க குனிஞ்சு பார்த்துட்டுப் போனாங்க.

படி இல்லதான். டிசம்பர்ல ஒருநாள் அவன் சட்டைக்குக் கஞ்சி சரியா போடலன்னு ஆரம்பிச்சுது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். ரூம் கதவை அறைஞ்சு சாத்தினான், என் கை நிலைக்கும் கதவுக்கும் நடுவுல இருந்துச்சு. இருந்தது தெரியாம சாத்தினான்னு டாக்டர்கிட்ட சொல்லத் தயாரா இருந்தேன். அவர் கேக்கறதுக்கு முன்னாலயே வாய் தானா 'படி'ன்னுடுச்சு. கை இருந்தது தெரிஞ்சுதான் அவன் சாத்தினான்.

அந்த அஞ்சு வருஷத்துல எனக்கு எவ்வளவு தெரியும்னு நீ கேக்கல. நானே சொல்றேன். ரெண்டாவது வருஷம் நீ நாலு சட்டையைக் கொண்டு வந்து, முழங்கை வரைக்கும் இருந்த கையை மணிக்கட்டு வரைக்கும் நீட்டித் தரச் சொன்ன. கத்திரி வெயில். நான் ஏன்னு கேக்கல. அதே நிறத்துல துணி தேடி, தையல் தெரியாம அழகா ஒட்டுப் போட்டுக் குடுத்தேன். நீ "தையல் தெரியவே இல்ல அத்தை"ன்ன. எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு. முப்பது வருஷமா மத்தவங்க உடம்பை அளக்கறவ நான். எந்தத் தோள் ஏறியிருக்கு, எது இறங்கியிருக்குன்னு பார்த்ததுமே சொல்வேன். உன் தோள் இறங்கிக்கிட்டே போனது எனக்குத் தெரியாதா?

மன்னிச்சுடுன்னு கேட்க மாட்டேன். கேட்டா நீ 'பரவாயில்லை அத்தை'ன்னு சொல்லிடுவ. உன்னை அப்படிச் சொல்ல வெக்கறது இன்னொரு கொடுமை.

அந்தப் பொண்ணு வர்ற வியாழக்கிழமை அளவு குடுக்க வருது. எனக்குப் பெத்த வயிறு. என்ன செய்யப் போறேன்னு இப்ப எழுதினா, செய்யாம விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு.

அத்தை


12 ஜூன்

கண்ணுக்கு,

உசிரோட, சௌக்கியமா, என் கடையிலயே உக்காந்துதான் எழுதறேன். அதனால பயப்படாம மேல படி.

வியாழக்கிழமை அந்தப் பொண்ணு தனியாத்தான் வந்துச்சு. நான் அளவுத் துணியை மேல போட்டு, ஊசியை வாயில கவ்விக்கிட்டு இடுப்புல பிடிச்சுக் குத்திக்கிட்டு இருந்தேன். அதுவே பேச்சை எடுத்துச்சு.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அவரோட முதல் சம்சாரம் ஏன் போனாங்க? கதைப்புத்தகமா படிச்சுப் படிச்சு, நிஜப் புருஷன் பத்தாம போயிட்டாங்கன்னு சொன்னார். அது மட்டும்தானா?"

வாயில எட்டு ஊசி. பதில் சொல்லாம தப்பிக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஒவ்வொண்ணா எடுத்துப் பஞ்சுத் திண்டுல குத்தினேன். கடைசி ஊசி வரைக்கும் 'ஆமாம்மா, அது மட்டும்தான்'னு சொல்லிடுவேனோன்னு எனக்கே பயம்.

"இல்லம்மா"ன்னேன். "என் பையன் அவளை அடிச்சான். அஞ்சு வருஷம். எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கல. இந்தக் கையைப் பார். இதை உடைச்சதும் அவன்தான்."

சொல்லி முடிச்சதும் அழும்னு நினைச்சேன். அது ஸ்டூல்ல உக்காந்து, பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு. "அவர் என் ஃபோனை வாங்கி வாங்கிப் பார்க்கறார். போன வாரம் கார்ல என் கையை இறுக்கிப் பிடிச்சார், விரல் தடம் ரெண்டு நாள் இருந்துச்சு. அன்புதான், போகப் போக சரியாயிடும்னு அக்கா சொல்றா. யாராவது ஒருத்தர் 'இது சரியில்ல'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேம்மா"ன்னுச்சு. அப்புறம்தான் ரெண்டு பேரும் அழுதோம். குத்தின ஊசியோட கட்டிப்பிடிச்சுக்கிட்டோம், எனக்கு ரெண்டு இடத்துல ரத்தம் வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதோம்.

மறுநாளே அவங்க வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவன்கிட்ட நானே சொன்னேன், நான்தான் சொன்னேன்னு. வீட்டுக்குள்ள சொல்லல. வேணும்னே பகல் பதினொரு மணிக்குக் கடை வாசல்ல வெச்சு, ரெண்டு வாடிக்கையாளரும் பூட்டுக்காரரும் பார்க்கச் சொன்னேன். "பெத்த தாயே குழி பறிச்சுட்டியே"ன்னு கத்தினான். கையை ஓங்கினான். நாலு பேரைப் பார்த்துட்டுக் கீழ இறக்கினான். அவனுக்குக் கையை இறக்கத் தெரியும் கண்ணு. ஆள் இருந்தா தெரியும். அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிடுச்சு.

"நீ தனியா ரூம் பார்த்துக்கோ"ன்னேன். ரெண்டாம் நாள் சாமானை எடுத்துக்கிட்டுப் போயிட்டான், ஷோரூம் பக்கத்துலயே. பூட்டுக்காரர் கூப்பிடாமலே வந்து வாசல் பூட்டை மாத்திட்டுப் போனார்.

அவன் போன அன்னைக்கு அவன் தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு ஒரு பாட்டம் அழுதேன். என் பிள்ளை. அவன் வலி நிஜம். இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு டாக்டர் இருக்காராம், விலாசம் வாங்கி அவன் பெட்டியில வெச்சேன். போவானான்னு தெரியாது. போனா நல்லது. ஆனா அவனைச் சரி பண்ணறது இனி எந்தப் பொண்ணுக்கும் வேலை இல்ல.

சாப்பாடு இறங்குது. வீடு அமைதியா இருக்கு. இந்த அமைதி பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

அத்தை


19 ஜூன்

என் அத்தைக்கு,

உங்க கடிதாசியைக் கூடத்துல நின்னுக்கிட்டே பிரிச்சேன். 'உசிரோட, சௌக்கியமா'ங்கற வரியிலயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எங்க டாக்டரம்மா ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. "யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம்"னு சொன்னேன். சொல்லிட்டு விக்கி விக்கி அழுதேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு அழற ஒருத்தியை அவங்க முதல் தடவையா பார்க்கறாங்க. தண்ணி குடுத்து, அரை நாள் லீவு குடுத்து அனுப்பிட்டாங்க.

நடந்தே ரூமுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த டீச்சரையே நினைச்சேன். இந்நேரம் குழந்தைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு என்னை யாருன்னே தெரியாது. தெரியவும் வேண்டாம். அவ கை நல்லா இருந்தா போதும்.

நீங்க மன்னிப்பு கேக்கல. நல்லதுதான், என்னால 'மன்னிச்சுட்டேன்'னு எழுத முடியல. அந்த நாலு சட்டையை நினைச்சா இன்னும் கோபம் வருது. நீங்க ஒரு தடவை, ஒரே தடவை "ஏன்?"னு கேட்டிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா இதையும் சொல்லணும்: என்னோட சேர்ந்து அந்தச் சுவருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க உலகத்துல நீங்க ஒருத்தர்தான். நான் பொய் சொல்றேன்னு கோர்ட்டுல அவர் வக்கீல் சொன்னப்போ, எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. நீங்க வாயைத் திறந்து சொன்னதும் அது போயிடுச்சு. ரெண்டு வருஷமா தோள்ல தூக்கிக்கிட்டு இருந்ததை யாரோ வாங்கிக் கீழ வெச்ச மாதிரி இருக்கு. கோபமும் பாசமும் ரெண்டும் இருக்கட்டும் அத்தை, இப்போதைக்கு.

உங்களை வந்து பார்க்க எனக்கு இன்னும் தெம்பு இல்ல. அந்தத் தெருவுல கால் வைக்க முடியாது. நீங்க வர்றீங்களா? ரூம் சின்னதுதான், ஒரு கட்டில், ஒரு பாய். நாற்பத்தோராவது புத்தகத்தை அனுப்பாமலே வெச்சிருக்கேன், வந்து படிக்கலாம். நாற்பத்திரண்டாவது போன வாரம் வந்திருக்கு. எனக்கு அது அவ்வளவா பிடிக்கல, நீங்க சண்டை போடுவீங்கன்னு தோணுது.

உடம்பைப் பார்த்துக்கோங்க. மணிக்கட்டு வலிச்சா வெந்நீர் ஒத்தடம் குடுங்க.

உங்க மருமக இல்ல, மகளும் இல்ல. அதுக்கு ஒரு வார்த்தை கிடைக்கிற வரைக்கும்,
நான்தான்


27 ஜூன்

கண்ணுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணி பஸ், ஜன்னலோர சீட்டு. மத்தியானம் ரெண்டுக்கு உங்க ஊர். கடைக்கதவுல 'நாலு நாள் விடுமுறை'ன்னு எழுதி ஒட்டிட்டேன். முப்பது வருஷத்துல முதல் தடவை. பூட்டுக்காரர் ரெண்டு தரம் படிச்சுப் பார்த்துட்டு, "எழுத்துப்பிழை இல்லையே?"ன்னார்.

டீச்சர் நேத்து வந்துட்டுப் போச்சு. கல்யாணத்துக்கு எடுத்த துணியைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கற மாதிரி ரெண்டு சட்டையா தைச்சுத் தரச் சொல்லியிருந்துச்சு, ரெண்டு பக்கமும் பை வெச்சு. சாக்பீஸ் போட்டுக்கணுமாம். தைச்சுக் குடுத்துட்டேன். போட்டுக்கிட்டே போயிடுச்சு.

கோபத்தைப் பத்தி எழுதியிருந்தியே, நான் வந்தா அதை நேர்ல சொல்லு. உக்காந்து கேக்கறேன், எவ்வளவு நேரமானாலும். நடுவுல குறுக்க பேச மாட்டேன்.

ஆனா வந்து இறங்கினதும் வேண்டாம். எட்டு மணி நேரப் பிரயாணம், எனக்கு அகோரப் பசி இருக்கும். முதல்ல சாப்பிடலாம்.

அத்தை